ஆறில் நாலைத்தான் பார்த்தேன்: ஒரு மோட்டார்ஹோம், ஒரு டயர், மூன்று இரவு

எங்கள் வொர்க்‌ஷாப்பில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் வேலை பார்க்கிறார். நியூசிலாந்தில் மோட்டார்ஹோம் டயர் கிழிந்து நான் மூன்று நாள் சிக்கிக்கொண்ட கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “ஏண்ணே, ஸ்டெப்னி இல்லாமயா வண்டிய எடுத்தீங்க?”

ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் 18 ஆண்டாக லாரி டயரோடும் பேருந்து டயரோடும் மாரடிக்கிறவன் நான். எனக்கே இது நடந்தது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். ஸ்டெப்னி இருந்திருந்தால் தப்பித்திருப்போமா என்ற கேள்விக்குப் பதில் அந்தத் தம்பி நினைத்த மாதிரி அவ்வளவு நேராக இல்லை.

முதலில் நம் ஊர்ப் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கார் ஓட்டுகிறவருக்கு ஸ்டெப்னி என்கிற ஸ்பேர் டயர் கிட்டத்தட்ட மறந்துபோன பொருள். தீவு கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் வண்டி நின்றுபோனால் கேமராவில் பார்த்துவிடுவார்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி வந்து, விரைவுச்சாலைக்கு வெளியே பக்கத்தில் உள்ள கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுப் போகும். அதற்குக் காசும் இல்லை. புதிய கார்கள் பலவற்றில் ஸ்பேர் சக்கரமே வருவதில்லை, ஒட்டுப்பசை பாட்டிலும் சின்னக் காற்றுப் பம்பும்தான். நகரப் பேருந்துகளிலும் பொதுவாக ஸ்பேர் இருக்காது, பணிமனையிலிருந்து ஆள் போவார். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போகும்போது டாங்கில் முக்கால்வாசி எண்ணெய் இருக்கிறதா என்று பத்து முறை முள்ளைப் பார்ப்போம், ஏனென்றால் அது சட்டம். டயரைக் குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்?

இந்த மனநிலையோடுதான் 2023 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் போய் இறங்கினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். ஆறு பேர் படுக்கும் மோட்டார்ஹோம். மொத்த எடை நாலரை டன் வகை. வேனின் சேசி (அடிச்சட்டம்) மேல் வீடு கட்டியது போல, உள்ளே அடுப்பு, குளியலறை, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு. ஆக ஆறு டயர். அங்கே 6,000 கிலோ வரை சாதாரண கார் உரிமமே போதும், சாலையும் நம் ஊர் போல இடப்பக்கம். 3,500 கிலோவைத் தாண்டிய வண்டி என்பதால் 90-க்கு மேல் போகக் கூடாது என்பது மட்டும்தான் புதிது.

வண்டியைக் கையில் வாங்கும்போது வாடகை நிறுவனத்துப் பெண் காஸ் அடுப்பு, கழிவறைப் பெட்டி, மின்கம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். டயர் பேச்சே வரவில்லை. நான்தான் கேட்டேன். “ஸ்பேர் இல்லை, 24 மணி நேர உதவி எண் இருக்கிறது” என்றார். சரி என்றேன். பிறகு தொழில் புத்தி விடாமல், கையோடு கொண்டுபோயிருந்த காற்றுமானியை எடுத்துக் காற்றுப் பார்த்தேன். முன்னால் இரண்டு, பின்னால் வெளிப்பக்கம் இரண்டு. நாலும் கதவோரத் தகட்டில் போட்டிருந்த அளவில் இருந்தன.

உள்பக்கம் இருந்த இரண்டையும் பார்க்கவில்லை. உள் டயரின் வால்வை வெளிச்சக்கரத்தின் ஓட்டை வழியாகக் கைவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். நீட்டுக்குழாய் மாட்டியிருந்தால் அரை நிமிட வேலை, இதில் அது இல்லை. பின்னால் இன்னொரு குடும்பம் வரிசையில் நின்றது, பிள்ளைகள் வண்டிக்குள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கும் சட்டையை அழுக்காக்க மனமில்லை. வொர்க்‌ஷாப்பில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கு அவனுக்கு நல்ல அர்ச்சனை கிடைத்திருக்கும்.

24 டிசம்பர்

இரண்டு நாள் டெக்காப்போ ஏரிப் பக்கம். மூன்றாம் நாள் ட்வைசலில் மதியச் சாப்பாடு, ரசமும் டின் மீனும். அங்கிருந்து ஓமராமா தாண்டி, லிண்டிஸ் கணவாய் வழியாக வனாக்கா போவது திட்டம். கணவாயின் உச்சி 971 மீட்டர். கோடை வெயில், தார் சூடு, வண்டி நிறையச் சாமான், அதற்கு மேல் ஏற்றம்.

ஓமராமாவைத் தாண்டிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போயிருப்போம். கார் டயர் வெடித்தால் ஸ்டியரிங் இழுக்கும், வண்டி ஒரு பக்கம் சாயும். இரட்டைச் சக்கரத்தில் அப்படி எதுவும் இல்லை, பக்கத்து டயர் தாங்கிக்கொள்கிறது. எனக்குக் கேட்டது, யாரோ ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல ஒரு சத்தம்தான். மாமியார் பின்னாலிருந்து, “தம்பி, ஏதோ கருகுற வாசம் வருது” என்றார். அடுப்பு என்று நினைத்து மனைவி எழுந்து பார்த்தார். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

ஓரமாக நிறுத்தி இறங்கினேன். இடப்பக்கப் பின் உள் டயர் தாறுமாறாகக் கிழிந்து கிடந்தது. மேல்பட்டை உரிந்து, சுற்றும்போது சாட்டை மாதிரி அடித்திருக்கிறது. சக்கரத்துக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் வளைவு துண்டு துண்டு. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் குழாய் அறுந்து, மத்தியானத்து ரசம் மிளகு வாசத்தோடு சாலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய்க்குக் கொஞ்சம் தள்ளி காஸ் குழாய். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் வேலையாக சிலிண்டரை மூடினேன்.

மாமனார் துறைமுகத்தில் 30 ஆண்டு பாரந்தூக்கி ஓட்டியவர், அதிகம் பேச மாட்டார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். “மாப்பிள்ளை, அன்னைக்கு உள் டயரைப் பாத்தீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

கைப்பேசியில் ஒரு கோடு வந்து வந்து போனது. கொஞ்ச தூரம் நடந்துபோய் உதவி எண்ணை அழைத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு மெக்கானிக் வந்தார். வண்டியில் ஐந்து டன் ஜாக், நட்டு கழற்றும் காற்றழுத்தத் துப்பாக்கி, டயர் மாற்றும் கருவி எல்லாம் இருந்தன. பார்த்த மாத்திரத்தில் அளவைச் சொன்னார்: 195/75 ஆர்16சி. அவரிடம் அந்த அளவு இல்லை. எங்கள் எதிரிலேயே மூன்று கடைகளை அழைத்தார். இரண்டில் இல்லை. மூன்றாவதில் இருக்கிறது, ஆனால் கடையைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் கிறிஸ்துமஸ். அதற்கு மறுநாள் நமக்கு வேலை நாள், அங்கே பாக்ஸிங் டே, பொது விடுமுறை. ஆக டயர் 27-ஆம் தேதிதான் வரும்.

அந்த மனிதரிடம் ஜாக் இருந்தது, கருவி இருந்தது, தெரிந்த கை இருந்தது, நேரமும் இருந்தது. டயர் மட்டும்தான் இல்லை. இந்த நிகழ்வில் எனக்குப் புத்தி வந்த இடம் இதுதான்.

மீதி மூன்று பின் டயரில் ஓட்டியிருக்கலாமே?

நண்பர்கள் பலரும் கேட்டார்கள். மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம் என்று எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது. கணக்குப் போட்டால் ஆசை போய்விடும்.

அந்த டயரின் பக்கச் சுவரில் 107/105 என்று இருக்கும். முதல் எண் ஒற்றையாக ஓடும்போது தாங்கும் எடைக்கான குறியீடு: 107 என்றால் 975 கிலோ. இரண்டாவது எண் ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் தாங்குவது: 105 என்றால் 925 கிலோ. நாலு டயர் சேர்ந்து 3,700 கிலோ தாங்கும். எங்கள் பின் அச்சில் ஏறக்குறைய 2,900 கிலோ இருந்திருக்கும், அதுவரை கவலையில்லை. ஒன்று போனதும் அந்தப் பக்கத்து 1,450 கிலோவும் ஒற்றை டயர் மேல் வந்து உட்காருகிறது. 975 தாங்கும் டயரில் 1,450. ஒன்றரை மடங்கு. தண்ணீரைக் கொட்டி, ஆறு பேரும் இறங்கினாலும் அளவுக்குள் வராது.

அதனால் தட்டு லாரி வந்துதான் ஏற்றிக்கொண்டு போனது. அதன் முன்னறையில் மூன்று பேர்தான் உட்கார முடியும். மற்ற மூவரை அந்த வழியே வந்த ஒரு பண்ணைக்காரத் தம்பதி தங்கள் வண்டியில் ஓமராமா வரை கொண்டுவந்து விட்டார்கள். மாமியார் அவர்களுக்குக் கொடுத்த முறுக்கை அவர்கள் சாப்பிட்டார்களா என்பது இன்றுவரை வீட்டில் ஓடும் விவாதம்.

மூன்று இரவு முகாம் மைதானத்தில். ஓமராமா கிளைடர் (இன்ஜின் இல்லா விமானம்) பறப்பவர்களுக்குப் பேர்போன ஊர். மாமனார் நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்தபடி இருந்தார், பிள்ளைகளுக்குக் களிமண் பாறைகள். குறை சொல்ல முடியாத இடம்தான். மில்ஃபோர்ட் சவுண்டில் 26-ஆம் தேதிக்குக் கட்டியிருந்த படகுக் காசு மட்டும் திரும்பவில்லை. நாங்கள் எடுத்திருந்த காப்புறுதியில் டயர் சேராது என்று சின்ன எழுத்தில் இருந்ததையும் அங்கே உட்கார்ந்துதான் படித்தேன்.

கிழிந்த டயர் சொன்னது

27-ஆம் தேதி டயர் வந்தபோது பழையதைக் கழற்றி என்னிடம் கொடுக்கச் சொன்னேன். மெக்கானிக்குக்கும் ஆர்வம். இருவரும் தரையில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தோம்.

முதலில் வயது. டயரில் இருக்கும் குறியீட்டின் கடைசி நாலு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். இதில் 3117. 2017-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். ஆறு வயது தாண்டியது. பக்கத்து வெளி டயரில் 1121, அதாவது 2021. வெளியே தெரிவதை மாற்றியிருக்கிறார்கள், உள்ளே இருந்ததை விட்டுவிட்டார்கள். பட்டை தேயாமல் இருந்ததால் விட்டிருக்கலாம். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்தில் வயதாகிச் சாவதுதான் அதிகம்.

அடுத்து, பக்கச் சுவரின் உள்புறம். அங்கே ரப்பர் பொடியாக உதிர்ந்து, சுற்றிலும் வளையம் வளையமாகக் கோடு விழுந்திருந்தது. காற்றுக் குறைந்த டயர் சுமையோடு பல கிலோமீட்டர் மடங்கி மடங்கி ஓடினால்தான் இந்தத் தடம் விழும். சொல்லியிருக்கும் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து ஓடிய டயரைத் தொழிலில் இருப்பவர்கள் காற்றில்லாமல் ஓடியதாகவே எடுத்துக்கொள்வார்கள். எங்களுடையது அதற்கும் கீழே ஓடியிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு திருகாணி. உரிந்த பட்டைத் துண்டில் ஏறியிருந்தது. அதன் தலை, சாலையில் உரசி உரசி, பட்டையோடு பட்டையாக வழவழவென்று தேய்ந்திருந்தது. நேற்று ஏறிய திருகாணியின் தலை அப்படி இருக்காது. நாங்கள் வண்டியை எடுக்கும் முன்பே ஏறியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. நிரூபிக்க வழியில்லை, வாடகை நிறுவனத்தோடு மல்லுக்கட்டவும் இல்லை. கையைவிட்டு ஒரு தடவை காற்றுப் பார்த்திருந்தால் கிரைஸ்ட்சர்ச்சிலேயே அகப்பட்டிருக்கும்.

ஜோடி டயரில் இதுதான் வில்லங்கம். ஒன்றில் காற்று மெல்ல இறங்கினாலும் மற்றது தூக்கிப் பிடித்து மறைத்துவிடும். வண்டி சாயாது, ஓட்டும் கைக்கும் தெரியாது. லாரி ஓட்டிகள் இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பார்களே, அதுவும் சுத்தமாகக் காற்றில்லாததைத்தான் காட்டிக்கொடுக்கும்.

மெக்கானிக் இன்னொன்றும் செய்தார். நன்றாக இருந்த வெளி டயரையும் கழற்றிப் போட்டார். அளவுக்கு மீறிய சுமையோடு எத்தனை தூரம் ஓடியது என்று எனக்கே தெரியாது, சத்தம் கேட்பதற்கு முன்பே உள் டயர் போயிருக்கலாம். வெளியே புண் தெரியாவிட்டாலும் உள்ளே கம்பி இழை விட்டிருக்கும் என்றார். தவிர, புத்தம் புதியதையும் தேய்ந்ததையும் ஜோடி போட்டால் விட்டம் பெரிய டயர்தான் சுமையை வாங்கும். ஆக, வந்தது இரண்டு டயர். 50 கிலோமீட்டர் ஓட்டியபின் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்கச் சொன்னார். லிண்டிஸ் கணவாய் தாண்டி நிறுத்தி இறுக்கினேன். இரண்டு நட்டு கால் சுற்று போனது.

சரி, ஸ்பேர் இருந்திருந்தால்?

மெக்கானிக் வந்த மாலையிலேயே உள்ளே அதைப் போட்டு, வேகத்தைக் குறைத்து ஊர் போய்ச் சேர்ந்திருப்போம். வெளி டயரை வனாக்காவிலோ குவீன்ஸ்டவுனிலோ பார்த்துக்கொண்டிருக்கலாம். மூன்று இரவு என்பது மூன்று மணி நேரமாகியிருக்கும். ஆனால் மாற்றியிருக்கப் போவது நான் இல்லை. சாய்வான சாலையோரம், சரளைக்கல், ஆறு பேர் சாமானோடு நாலரை டன், உள்ளே இருக்கும் சக்கரம். கருவியில்லாமல் அதில் கைவைக்க எனக்கே துணிச்சல் வராது. ஸ்டெப்னி என்றதும் நாமே இறங்கி மாற்றுவதைத்தான் நினைக்கிறோம். பெரிய வண்டியில் அது வரப்போகும் மெக்கானிக்குக்காக நாம் சுமந்து போகிற சாமான்.

இப்படி யோசித்தால் கேள்வியே மாறிவிடுகிறது. ‘என்னால் மாற்ற முடியுமா’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்த அளவு டயர் நான் போகும் வழியில் கிடைக்குமா’ என்று கேட்கத் தோன்றும்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் பேருந்து அளவு மோட்டார்ஹோம் வைத்திருக்கிறார், 22.5 அங்குலச் சக்கரம். அந்த வகையில் ரிம்மோடு ஒரு சக்கரம் 80-லிருந்து 100 கிலோ வரும். நட்டுகளை 600 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்க வேண்டும். எங்கள் வொர்க்‌ஷாப்பில் ஒரு அங்குலத் துப்பாக்கியும் பெரிய கம்பிரசரும் வைத்துச் செய்கிற வேலை அது. அதனால் அந்த வகை வண்டிகள் பெரும்பாலும் ஸ்பேர் இல்லாமலே வருகின்றன. லாரிகள் போட்டுக்கொண்டு ஓடும் அளவு என்றால் நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கிடைத்துவிடும், சுமக்கத் தேவையில்லை. ஆனால் 235/80, 255/80 போன்ற சில அளவுகள் பெரும்பாலும் மோட்டார்ஹோம்களுக்கே போகின்றன, லாரிக் கடையில் சும்மா கிடக்காது. அவருடையது அப்படிப்பட்ட அளவு. அவர் ரிம் இல்லாமல் வெறும் டயரை மட்டும் அடிப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறார். எடையில் ஏறக்குறைய பாதி மிச்சம். வருகிற ஆள் பழைய ரிம்மிலேயே ஏற்றிவிடுவார். வெயில் படாத இடம் என்பதும் நல்லது. ஆனாலும் டயருக்கு வயதாகத்தான் செய்யும், அதனால் புது டயர் வாங்கும்போது இதை ஓட்டத்தில் போட்டுவிட்டுப் புதிதில் ஒன்றை உள்ளே வைக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

எங்கள் வண்டி போன்றவற்றில் ரிம்மோடு சேர்ந்தே சுமார் 25 கிலோதான், முழுச் சக்கரமாகவே வைக்கலாம். எங்கே மாட்டுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். முன் பின் அச்சுகளுக்கு நடுவே 4.3 மீட்டர் இருந்து, பின் அச்சுக்கு 2.2 மீட்டர் பின்னால் வாலில் தொங்கவிட்டால், நெம்புகோல் கணக்கில் பின் அச்சில் கூடுவது 25 இல்லை, சுமார் 38 கிலோ. முன்னால் 13 கிலோ தூக்கிக்கொள்ளும். அதே வாலில் நாலு சைக்கிளும் கழிவுநீரும் இருந்தால் யோசிக்க வேண்டும். அச்சுகளுக்கு நடுவே, சேசிக்கு அடியில் இடமிருந்தால் அதுதான் சரி.

ஒட்டுப்பசை பாட்டில் பற்றி ஒரு வரி போதும்: பட்டையில் ஆணி குத்திய சின்ன ஓட்டைக்கு உதவும், கிழிந்த டயருக்கு உதவாது.

2024 ஜூன் விடுமுறையில் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் வரை மோட்டார்ஹோமில் போனார், ஒரு வழிக்கு ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். கிளம்பும் முன்பே என்னிடம் கேட்டதால், வாடகைக்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஸ்பேர் இருக்கிறதா, ஓடும் டயரின் அளவுதானா, எந்த ஆண்டு, உள் வால்வுக்கு நீட்டுக்குழாய் உண்டா. வண்டி எடுக்கும் இடத்திலிருந்து படம் அனுப்பினார். சேசிக்கு அடியில் ஸ்பேர் இருந்தது. அளவும் சரி. குறியீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: 2213. பதினோரு வருடப் பழசு, அதில் காற்றும் பாதிதான்.

“மாத்தித் தரச் சொல்லுங்க” என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. நாற்பது நிமிடம் கழித்து, “மாத்திட்டாங்க. பசங்க பசியில கத்துறாங்க, கிளம்புறோம்” என்று வந்தது. உடனே திரும்ப எழுதினேன்: “உள் டயர் ரெண்டும் காத்துப் பாத்தாச்சா?”

பதிலுக்கு ஒரு படம் வந்தது. வண்டிக்கு அடியிலிருந்து அவருடைய இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.